வார்னிஷ் பூசிய கட்டுமரம்

ஏழு ஆண்டுகள் கடலில் ஓடிய கட்டுமரம் ஒன்றை, ஐந்தே ஆண்டுகளில் கரையில் வைத்து அழுகவிட்டவன் என்ற தகுதியில்தான் இதை எழுதத் துணிகிறேன். வேறு தகுதி எனக்கில்லை. நான் தமிழ் படித்தவன். வேதியியலோ தச்சோ கற்றவனல்லன். ஆயினும் வெயிலிலும் மழையிலும் உப்புக்காற்றிலும் கிடக்கும் படகு மரத்துக்கு எந்தப் பூச்சு நிலைக்கும் என்ற கேள்வியைப் பெயிண்ட் கடைக்காரரிடம் விட்டுவிடலாகாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2017ஆம் ஆண்டு பங்குனி மாதம். எங்கள் துறையில் நெய்தல் திணை குறித்து ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், "எங்க தாத்தா மரம் சும்மாதான் சார் கெடக்கு, கேட்டுப் பாக்கட்டுமா?" என்றான். கட்டுமரத்தை அவர்கள் வெறுமனே மரம் என்றுதான் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் இக்கரை முழுவதும் நிறைந்துவிட்டன. அந்த வீட்டிலும் மகன்கள் ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். பெரியவர் மட்டும் ஒரு புது மரம் கட்டி ஏழு ஆண்டுகள் தனியே போய்வந்திருக்கிறார். பின்பு முழங்கால் இடங்கொடுக்கவில்லை. விலை ஒன்றும் கேட்காமல் லாரியில் ஏற்றிவிட்டார்.

வந்த மரம் நரைத்திருந்தது. மேலே வெளிறிய சாம்பல் நிறம், பக்கங்களில் எண்ணெயும் மீன்செதிலும் படிந்த கறுப்பு, மூக்கைத் துளைக்கும் வாடை. கண்காட்சிக்கு அமைச்சர் வரக்கூடும் என்ற பேச்சு இருந்தது (வரவில்லை). "இதைக் கொஞ்சம் பார்க்கிறாற்போல் செய்யுங்கள்" என்றார்கள். பொறுப்பு என்னுடையது. செங்கல்பட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, படகுகளுக்கென்றே விற்கும் நிறமற்ற வார்னிஷ் வாங்கினேன். பெயிண்டர் உப்புத்தாள் போட்டு நரையையெல்லாம் தேய்த்தெடுத்தார். கீழேயிருந்து மஞ்சள் பாய்ந்த புதுமரம் எழுந்து வந்தபோது ஏதோ பழஞ்சுவடியைத் துடைத்து எழுத்தைக் கண்டவன்போல் மகிழ்ந்தேன். மூன்று கை பூசினோம். பழைய கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுப் புது நைலான் கயிறு கொண்டு இறுகக் கட்டி, புல்தரை நடுவே சிமெண்ட் மேடை அமைத்து அதன்மேல் ஏற்றினோம். முகம் பார்க்கலாம் போலிருந்தது.

திறப்பு நாளன்று பெரியவர் வந்திருந்தார். மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். கட்டை விரலால் வார்னிஷை அழுத்திப் பார்த்தார். "பளபளன்னு நல்லாத்தான் கீது சார்" என்றார். பிறகு, "இத்த எப்ப அவுப்பீங்க?" என்று கேட்டார்.

கண்காட்சி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோமா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, "இல்லீங்க ஐயா, இது இங்கேயேதான் இருக்கும்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அவர் கேட்டது பராமரிப்பைப் பற்றிய கேள்வி என்று விளங்க எனக்கு ஐந்தாண்டுகளும் ஒரு புயலும் தேவைப்பட்டன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. வளாகத்தில் விழுந்த மரக்கிளைகளை அகற்றும்போது கட்டுமரத்தையும் நகர்த்த வேண்டியிருந்தது. தூக்கியவர்களின் விரல்கள் அடிமரத்துக்குள் புகுந்தன. மேலே வார்னிஷ் தோல் ஆங்காங்கே கொப்புளித்து உரிந்திருந்தாலும் உருவம் குலையவில்லை. உள்ளே ஊறிய அவல்.

கட்டுமரம் எப்படிப்பட்ட பொருள் என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்குச் சொல்லைக் கொடுத்தது என்று பெருமை பேசி நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது உள்ளீடற்ற கலம் அன்று. நீரை வெளியே நிறுத்திவைக்க அதற்கு வயிறு கிடையாது. மரக்கட்டைகளே மிதவை. கேரளத்து மலைப்பகுதிகளிலிருந்து வரும் அல்பீசியா போன்ற இலகுவான மரங்கள்தாம் இதற்கு ஏற்றவை. இலகு மரம் என்றால் நீரைக் குடிக்கும் மரம் என்றே பொருள். தேக்கைப்போல் தன் எண்ணெயால் தன்னையே காத்துக்கொள்ளும் வலிமை அதற்கில்லை. ஆகவே கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பிக் காயவிடுவது வழக்கம். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் முதலாக இக்கரையின் கலங்களைப் பற்றி எழுதிய பலரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றித் தனிநூலே 1920இல் எழுதினார்.

இந்த அவிழ்ப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடலில் மரத்தைத் தின்பது கப்பல் புழு. பெயர்தான் புழு, இனம் சிப்பி. ஊசிமுனையளவு துளையில் குஞ்சாக நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, வெளியே அடையாளம் காட்டாமல் மரத்தைச் சல்லடையாக்கிவிடும். இதற்கு அஞ்சித்தான் ஆங்கிலேயக் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் போர்த்திப் பார்த்தது. குப்பத்து மனிதனிடம் செம்பு இல்லை. நாள்தோறும் கரையேற்றி உலர்த்தினான். புழு குடிகொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. கரையில் மரத்தைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அது பிழைக்கும். இதற்கும் அதே மருந்து, உலர்த்தல். உப்புநீர் பூஞ்சைக்கு ஆகாது என்பதால் கடல்நீரைவிட மழைநீரே படகு மரத்துக்குப் பெரிய பகை. நானோ மழைநீரும் போதாதென்று புல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீரையும் அதன்மேல் தெளித்துக்கொண்டிருந்தேன். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காற்றுப் புகாதபடி நைலான் கயிற்றால் இறுக்கியும் வைத்திருந்தேன்.

வார்னிஷ் செய்த வேலை என்ன? நிறமற்ற பூச்சின் ஊடாகப் புற ஊதாக் கதிர் உள்ளே செல்கிறது. மரநார்களைப் பிணைத்துவைக்கும் லிக்னின் என்ற பொருளை அது சிதைக்கிறது. பூச்சு கெடாமல் இருக்கையிலேயே அது பற்றியிருக்கும் மரத்தின் மேற்படலம் பொடிந்துவிடுவதால் தோல் கழன்று நிற்கும். பிறகு ஒரு கீறல் போதும். மழைநீர் உள்ளே போகும், வெளியேற வழியிருக்காது. புற ஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்த உயர்ந்த வார்னிஷ்கள் உண்டு. பாய்மரத் தூண்கள் காற்றில் வளைந்து கொடுக்கும் என்பதால், அவற்றுக்கென எண்ணெய் மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சிய 'ஸ்பார் வார்னிஷ்' என்ற வகையும் உண்டு. ஆனால் அவற்றையும் ஆறேழு கை பூச வேண்டும். நம் வெயிலில் ஆண்டுதோறும் தேய்த்து மறுபடி பூச வேண்டும். எபாக்சி இன்னும் கடினம். நீரை நன்றாகவே தடுக்கும். வெயிலில் மட்டும் மஞ்சளித்துப் பொடியும் என்பதால் அதன்மேல் இன்னொரு பூச்சு வேண்டும். ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிடலாம் என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

முன்னோர் என்ன செய்தார்கள் என்று கேட்பது நம் தொழில். வகுப்பறையில் அம்பி, திமில், தோணி, பஃறி, வங்கம், நாவாய் என்று பெயர்களை அடுக்குகிறோம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் நீர்ப்பெயற்றுத் துறை மாமல்லபுரமோ அதன் அண்டையோ என்று வாதிடுகிறோம். அகநானூற்றின் 10ஆம் பாடலில் அம்மூவனார் பழைய திமிலையும் புதிய வலையையும் அருகருகே வைத்ததன் நயத்தை வியக்கிறோம். அந்தத் திமில் பழையதாகும்வரை அதைக் காத்தது எது என்று நான் ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. 1950இல் சென்னை அரசினர் அச்சிட்ட 'கப்பல் சாத்திரம்' சுவடியைத் தேடிப் படித்தாலும் அளவும் நாளும் பலனுமே மிகுதி. கைவேலையைச் சுவடியில் ஏற்றுவதில் நம்மவர்க்கு எப்போதுமே சுணக்கம்தான்.

சொற்கள் சற்று உதவுகின்றன. 'கீல்' என்றால் தார், பிசின் குழம்பு. 'கலப்பற்று' என்றால் பலகை இடுக்குகளை அடைத்தல். கலத்தைப் பற்றுவதால் கலப்பற்று என்று பிரித்துப் பார்க்க நாக்கு துடிக்கும். ஆனால் அரபியிலும் போர்த்துக்கீசியத்திலும் இதன் உறவுச் சொற்கள் இருக்கின்றன. துறைமுகம்தோறும் அலைந்த சொல் அது. பொருள்களும் அவ்வாறே அலைந்தவை. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைத்தார்கள். சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயில் பிசைந்து கப்பல்களுக்குப் பூசியதை மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். மலபார்த் தேக்கில் செய்த அரபு மரக்கலங்களுக்கு நீர்மட்டத்துக்கு மேலே சுறா எண்ணெய், கீழே சுண்ணாம்பும் விலங்குக் கொழுப்பும். மேற்குக் கரையில் மத்தி எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும். முந்திரிக்கொட்டை எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். பூஞ்சைக்கும் அதே கதிதான்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. இவற்றில் பெரும்பாலானவை இறுகிய தோலாகப் படிவதில்லை. மரத்துக்குள் இறங்குகின்றன, மெல்லக் கரைந்து போகின்றன, மறுபடி பூச எளியவை. பெருவலைக்குப் போன மசூலாப் படகை எண்ணிப் பாருங்கள். ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு முழுவதும் நெளிந்து கொடுக்கும். அதன்மேல் கண்ணாடிபோல் இறுகும் பூச்சைப் பூசினால் முதல் அலையிலேயே வெடித்துவிடும். அதையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தையல் பிரித்து மறுபடி தைத்தார்கள். அங்கும் அவிழ்ப்புத்தான்.

இவ்விடத்தில் பழமை போற்றும் நண்பர்கள் கைதட்டத் தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். குஜராத் கரையில் மரப்படகுகளுக்குப் பூசிய எண்ணெய்க்காகத் திமிங்கலச் சுறாவை வேட்டையாடினார்கள். கடலின் மிகப்பெரிய மீன், மனிதரை ஒன்றும் செய்யாத சாது. பின்னர் இறைச்சி ஏற்றுமதியும் சேர்ந்துகொள்ள வேட்டை பெருகி, 2001இல்தான் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பழைய பூச்சு என்பதாலேயே அது தூய்மையானதாகிவிடாது.

புதியவற்றின் கணக்கும் இதற்கு இளைத்ததன்று. செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தினால் இலகு மரமும் நெடுநாள் நிற்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதையும் கிரியோசோட்டையும் சேர்த்துப் பயன்படுத்தி, மலிவான ரப்பர் மரத்திலேயே வள்ளங்கள் கட்டிக் காட்டியது. நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆர்செனிக் ஆர்செனிக்தானே? அமெரிக்காவில் குடியிருப்புப் பயன்பாட்டுக்கு அம்மருந்திட்ட மரம் செய்வது 2003ஆம் ஆண்டின் முடிவோடு நின்றுபோயிற்று. கப்பலடியில் சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய வெள்ளீயச் சேர்மம் பிரான்சின் அர்க்கசோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓட்டையே உருக்குலைத்தது. 1982இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலகளாவிய தடை நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. கரையில் குழந்தைகள் ஏறி விளையாடும் படகுக்கு எதைப் பூசுகிறோம் என்பது நாம் வீட்டுச் சுவருக்குக் காட்டும் கவனத்தையாவது பெற வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016இல் விதி வந்தது.

சரி, இன்று ஒருவர் என்னிடம் வந்து எதைப் பூசுவது என்று கேட்டால்? யார் பூசப் போகிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, என்று முதலில் கேட்பேன். ஆண்டுக்கொரு முறை கைவைக்க ஆளுண்டு என்றால் எண்ணெய் போதும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் எளிதில் கிடைக்கிறது. ஆனால் நம் ஈரக்காற்றில் அதுவே பூஞ்சைக்கு உணவாகிக் கறுத்துவிடும் என்பதால் பிசின் கலந்த எண்ணெய்ப் பூச்சு மேல். (எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.) ஆண்டுதோறும் முடியாது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றால் நிறப் பெயிண்ட். அதன் நிறமிகள் வெயிலை மரத்துக்குள் விடா. வெள்ளையோ வெளிர்நீலமோ ஆனால் சூடும் குறையும். குப்பத்துப் பலகைப் படகுகளுக்கெல்லாம் அழுத்தமாக வண்ணம் பூசியிருப்பதைக் கண்டு அழகுணர்ச்சி என்று எழுதியிருக்கிறேன். அழகுணர்ச்சியோடு கணக்கும் உண்டு. நிறமற்ற வார்னிஷ் நிழலில் இருக்கும் மரத்துக்கு மட்டுமே. வெயிலில் மரத்தின் வரிகளைக் கண்ணாரக் காண வேண்டும் என்ற ஆசைக்கு நாம் கொடுக்கும் விலை அந்த மரமேதான்.

எதைப் பூசினாலும் வெட்டுமுனைகளுக்கு முதலில், இரண்டு மூன்று மடங்கு. மரம் உயிரோடிருந்தபோது நீரை ஏற்றிய குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. பக்கத்தைவிடப் பன்மடங்கு விரைவாக அவ்வழியே நீர் குடிக்கும். எங்கள் மரத்தின் அழுகலும் முனைகளிலிருந்துதான் தொடங்கியிருந்தது. ஐப்பசி கார்த்திகையில் தூரிகையைத் தொடவே கூடாது. ஈரமரத்தின்மேல் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதாகும். மாசி பங்குனியே காலம். அடியில் சிமெண்ட் வேண்டாம். இரண்டு பனங்கட்டைகளைக் குறுக்கே போட்டு உயர்த்தினால் காற்றோடும். இவ்வளவுக்கும் மேலாக, வெயிலையும் மழையையும் ஒருசேரத் தடுப்பது தலைக்குமேல் ஒரு கீற்றுக்கொட்டகை. எந்தப் பெயிண்ட் கடையிலும் விற்காத காரணத்தால் அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். விடுதி வாசல்களிலும் உணவகங்களின் முற்றத்திலும் பழைய படகுகள் அலங்காரமாகக் கிடக்கின்றன. பலவற்றில் என் வார்னிஷின் உடன்பிறப்புகள் பளபளக்கின்றன. சிலவற்றுக்குள் மண் கொட்டிச் செடியும் வைத்திருக்கிறார்கள், உள்ளிருந்தே நீரூற்றுகிறார்கள். கலத்தைக் கொண்டுவருகிறோம், அவிழ்க்கத் தெரிந்த கையை விட்டுவிட்டு வருகிறோம். மகேந்திரவர்மன் தன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்ததைப் பெருமையோடு பொறித்தான். மாமல்லபுரத்து ரதங்களில் மரத்தச்சனின் வேலைப்பாடு கல்லில் நிற்கிறது. அக்காலத்துக் கலங்களில் ஒரு சிராய்கூட மிஞ்சவில்லை. இன்று எஞ்சியிருக்கும் சில மரங்களையாவது கல்லைப்போல் நட்டுவைக்காமல் மரத்தைப்போல் நடத்தலாம் அல்லவா? ஆண்டுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்து அருகிலுள்ள குப்பத்திலிருந்து ஒருவரை அழைத்தால், கட்டை அவிழ்த்து, காயவைத்து, எண்ணெயிட்டு, மறுபடி கட்டிவிட்டுப் போவார். பார்க்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கண்காட்சி வேறென்ன?

அழுகிய மரத்தைப் பற்றிப் பெரியவரிடம் நான் நேரில் சொல்லவில்லை. அந்த மாணவன் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். 2023 பொங்கலுக்கு வந்தவன், "தாத்தா கேட்டாரு சார், மரம் எப்டி கீதுன்னு" என்றான். சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சொல்ல வேணாம் சார், நான் பாத்துக்கறேன்" என்றான்.

மரத்தோடு வந்த துடுப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. கண்காட்சியின்போது அது அழுக்காயிருக்கிறதென்று நான்தான் அறைக்குள் ஒளித்துவைத்தேன், வார்னிஷிலிருந்து தப்பித்தது. இப்போது அது துறையின் தாழ்வாரத்தில் சுவரில் பட்டுவிடாமல் இரண்டு கொக்கிகளில் தொங்குகிறது. மாசி மாதம் இறக்கி, துடைத்து, எண்ணெய் தேய்க்கிறோம். இவ்வாண்டு வேறொரு குப்பத்தார் ஒரு பலகைப் படகைத் தருவதாகச் சொல்ல, எந்தப் பூச்சு, எவ்வளவு செலவு என்று கேட்டு அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது. ஒரு கொட்டகை, நான்கு பனங்கட்டைகள், ஆண்டுக்கு இரண்டு ஆள் கூலி, என்றென்றைக்கும், என்று எழுதி அனுப்பினேன். 'என்றென்றைக்கும்' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, விளக்கம் தருக என்று திருப்பியிருக்கிறார்கள்.